ஏழு பேரும் நேரில் வரவேண்டும்

"ராமன்!"

சங்கப் பதிவு அலுவலகத்துக் கிளாக்கர் நடராசா பெயர்ப் பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு கூப்பிட்டார். சுவரோரப் பெஞ்சிலிருந்து பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் எழுந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு, "இருக்கேங்க" என்றாள்.

நடராசா கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் அவள் பெண்ணாகத்தான் இருந்தாள்.

"டீச்சர், இவர்தானோ ராமன்?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை போலிருந்தது. அவள் ராமனின் மனைவி லெட்சுமி. என் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் படிக்கும் சின்னராசுவின் அம்மா. அவளுக்கு அந்த அறையில் என்ன வேலை என்று எனக்குத் தெரியவில்லை. முதல் நாளே நான் நகரத்துக்கு வந்து, தெரிந்த கன்னியாஸ்திரி மடத்தில் தங்கி, விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்யக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். தோட்டத்து ஆட்கள் காலை பஸ்ஸில் நேரே அலுவலகத்துக்கு வருவதாக ஏற்பாடு. மழையில் நனைந்த கம்பளிகளோடு அவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் அறை முழுக்க ஈரக் கம்பளி வாடை. எண்ணிப் பார்த்தேன், ஆறு பேர் இருந்தார்கள். என்னோடு ஏழு. கணக்குச் சரி என்று நிம்மதியாகிவிட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் எண்ணினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அவருக்கு வயித்து வலிங்க. அதான் நான் வந்திருக்கேன்" என்றாள் லெட்சுமி, வெகு சாதாரணமாக.

நடராசா பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப இதுக்கு முதல் செல்லம்மா எண்டு கைநாட்டு வச்சவ?"

நான் திரும்பிப் பார்த்தேன். பெஞ்சின் மூலையில், பெருவிரலில் மை காயாமல், செல்லம்மாவின் தங்கை பாப்பாத்தி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் கருப்பையாவுக்குப் பதிலாகக் கருப்பையாவின் அப்பா. அவருக்குக் காது கேட்காது. அவரும் சிரித்தார்.

ஆறு பேரில் மூன்று பேர் வேறு ஆட்கள்!

சங்கம் எதற்கு?

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் அது. பெயர் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு முன் இதே பத்தியில் நான் ஒரு பஸ் கண்டக்டரைப் பற்றி எழுதப் போக, "அது என் மாமனார்" என்று மூன்று பேர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். மூன்று பேருக்கும் ஒரே மாமனார் இருக்க முடியாது என்று நினைக்கிறேன். எப்படியோ, இந்த முறை தோட்டத்தின் பெயர் இல்லை.

அங்கே நான் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளிக்கூடம் என்று தனியாக ஒன்றும் இல்லை. பிள்ளைக்காம்பரா இருந்தது. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அதில் பாதியைத் தட்டியால் மறைத்து, இந்தப் பக்கம் ஐந்து வகுப்புகள், அந்தப் பக்கம் இருபது தொட்டில்கள். நான் இந்தப் பக்கம் ஏழாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினால் அந்தப் பக்கம் ஒரு குழந்தை தொடங்கும். ஒன்று தொடங்கினால் இருபதும் சேர்ந்துகொள்ளும். மழை வந்துவிட்டால் தகரக் கூரைச் சத்தத்தில் வாய்ப்பாடும் கேட்காது, குழந்தைகளும் கேட்காது. அந்த மழைநேரம்தான் எனக்கு ஓய்வுநேரம்.

தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கீழே, பீலித் தண்ணீர் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில், பழைய அரிசி ஸ்டோர் ஒன்று பூட்டிக் கிடந்தது. கருங்கல் சுவர், நல்ல கூரை, முன்னால் அரை ஏக்கர் வெறும் நிலம். அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள் என்று துரையிடம் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் தலையை ஆட்டுவார், ஒன்றும் செய்யமாட்டார்.

பிறகு தோட்டம் கைமாறப் போகிறது என்று செய்தி வந்தது. துரை வேலையை விட்டு ஊருக்குக் கப்பலேறுகிறார். புதிதாக வாங்குகிற கொழும்புக்காரர்கள் அந்த ஸ்டோரை உரம் வைக்கக் கேட்டிருக்கிறார்களாம். போகிற நேரத்தில் துரைக்கு என்ன தோன்றியதோ, என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"டீச்சரம்மா, ஸ்டோர், அந்தக் காணி, ரெண்டும் தர்றது கம்பெனி சரி சொல்லியாச்சு. நீண்ட குத்தகை. ஆனா, நூறு ஆளுக்கு நான் குடுக்க முடியாது. ஒரு ஆளுக்கும் குடுக்க முடியாது. ஒரு சங்கம் கொண்டு வா. பதிவு பண்ணின சங்கம். அடுத்த மாசக் கடைசிக்கு முன்னால கொண்டு வா."

துரைமார்களின் தமிழில் மரியாதை விகுதி கிடையாது. அதற்கெல்லாம் கோபித்துக்கொண்டிருந்தால் நான் அந்தத் தோட்டத்தில் ஒரு வாரம்கூட இருந்திருக்க முடியாது. எனக்குக் காதில் விழுந்தது "மாசக் கடைசி" என்ற ஒன்றுதான். அதற்கு ஐந்து வாரம் இருந்தது.

பதிவுச் சான்று மாதக் கடைசிக்குள் கையில் இருந்தால் பள்ளிக்கூடம். இல்லாவிட்டால் உரமூட்டை.

சாவுச் சங்கத்து விதிகள்

சங்கம் என்றால் விதிகள் வேண்டும் என்றார்கள். விதிகள் எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்து ஒழுங்காகப் பதிவு செய்யப்பட்ட சங்கம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் மாதா கோயில் பங்கில் இருந்த மரண சகாய சங்கம். அதன் விதிப் புத்தகத்தை வாங்கி வந்து, "மரண சகாயம்" என்று வருகிற இடமெல்லாம் "பெற்றார் ஆசிரியர்" என்று மாற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பிரதி எடுத்தேன்.

பெற்றோர் கூட்டத்தில் அதை வாசித்தேன். பதினொன்றாவது விதிக்கு வந்தபோதுதான் கவனித்தேன். "உறுப்பினர் ஒருவர் காலமானால் சங்கமே பெட்டியும் வாகனமும் ஏற்பாடு செய்யும்" என்று இருந்தது. மாற்ற மறந்துவிட்டேன்.

"இதை எடுத்துடணும், எழுதினது தப்பு" என்றேன்.

"ஏன் டீச்சர்? அது ஒண்ணுதான் நல்லா இருக்கு" என்றார் முத்துசாமி. தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். நாலு பிள்ளைகளைப் படிக்க அனுப்பியவர் என்பதால் அவரைத் தலைவராகப் போட்டிருந்தோம். கூட்டம் முழுக்க அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியபோது கொட்டாவி விட்டவர்கள், பெட்டி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து வாதாடினார்கள். அந்த விதியை எடுக்க எனக்கு முழுதாக ஒரு மாலை போயிற்று. பிரதி எடுத்து, கூட்டம் போட்டு, ஐந்து வாரத்தில் ஒரு வாரம் இப்படித்தான் தொலைந்தது.

பிறகு ஏழு பேர் தேர்வு. நான் காரியதரிசி. முத்துசாமி தலைவர். செல்லம்மா, ராமன், கருப்பையா, இன்னும் இரண்டு பேர். எல்லாரும் பிள்ளைகளைத் தவறாமல் அனுப்புகிறவர்கள். அதிலும் செல்லம்மாவை நான்தான் வற்புறுத்திச் சேர்த்தேன். மூன்று பிள்ளைகள், மூன்றும் பெண்கள், மூன்றும் வகுப்பில் முதல் வரிசை. பெண்பிள்ளைகள் பத்து வயதானதும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகும் தோட்டத்தில், மூத்தவளை ஐந்தாம் வகுப்பு வரை நிறுத்தாமல் அனுப்பியவள் அவள் ஒருத்திதான். ஆறாம் வகுப்பு வைக்க இடமில்லை என்று நான் சொன்னபோது, "இடம் வந்தா வைப்பீங்களா?" என்று கேட்டவளும் அவள்தான். வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

"ஏழு பேரும் நேரில் வந்து அலுவலர் முன்னால் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவேண்டும்" என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அதைத் தமிழில் சொல்லி, மூன்று தரம் திருப்பிச் சொல்லி, எல்லாரும் தலையாட்டிய பிறகுதான் நகரத்துக்குப் போனேன்.

அந்தத் தலையாட்டலின் லட்சணத்தைத்தான் மேலே எழுதினேன்.

யார் போனால் என்ன?

அலுவலகத்துக்கு வெளியே, மழைக்கு ஒதுங்கி நின்ற இடத்தில், அவர்களை வாங்கு வாங்கென்று வாங்கினேன். நான் கோபக்காரி என்று என் பழைய மாணவர்கள் இன்றும் சொல்வார்கள். அன்று என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

"பாப்பாத்தி, உன் பேர் என்ன?"

"பாப்பாத்திங்க."

"அப்புறம் ஏன் செல்லம்மான்னு சொன்னதுக்கு இருக்கேன்னு சொன்ன?"

"அக்காவுக்காகத்தானே வந்தேன் டீச்சர். அப்ப அக்கா பேருக்குத்தானே இருக்கேங்கணும்?" அவளுக்கு என் கோபம் புரியவேயில்லை. "அக்கா வந்தா என்ன, நான் வந்தா என்ன. கைநாட்டு விழணும். அவ்வளவுதானே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் கோபம் இன்னும் கூடியது, ஏனென்றால் இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

தோட்டத்தில் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது கணக்கப்பிள்ளை முகத்தைப் பார்ப்பதில்லை. செல்லம்மா என்று கூப்பிட்டால் ஒரு குரல் வரவேண்டும், ஒரு கூடை மலைக்குப் போகவேண்டும். செல்லம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் பாப்பாத்தி போவாள். பாப்பாத்திக்குப் பிரசவம் என்றால் நாத்தனார் போவாள். புருஷனுக்கு முடியாத நாளில் பெண்சாதி புல்வெட்டப் போவதும் உண்டு. யாரும் அதை ஏமாற்று என்று நினைத்ததில்லை. பெயர் குடும்பத்துக்குச் சொந்தம், அதற்குள் யார் நின்றாலும் வேலை நடந்தால் சரி. என் வகுப்பிலேயே அக்காவுக்குப் பதிலாகத் தங்கை வந்து உட்கார்ந்து, அக்காவின் பெயருக்கு "உள்ளேன் டீச்சர்" சொன்னதை நானே பலதரம் பிடித்திருக்கிறேன். பிடித்து, அதட்டி, சிரித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

"வயித்து வலி, வயித்து வலின்னு சொன்னியே, ராமனுக்கு நிஜமாவே வயித்து வலியா?" என்று லெட்சுமியைக் கேட்டேன்.

"இல்லிங்க. ஆபீசுக்குப் போகப் பயம்."

"செல்லம்மாவுக்கு?"

பாப்பாத்தியின் சிரிப்பு நின்றது.

"அக்கா போன தடவ ஆபீசுக்குப் போனது பிரஜாவுரிமை விசாரணைக்குங்க டீச்சர். எப்ப வந்த, எப்ப போன, எந்த ஊரு, யாரு சாட்சின்னு ஒரு நாள் பூரா கேட்டாங்க. சின்னம்மா கல்யாணத்துக்கு மூணு மாசம் இந்தியாவுக்குப் போய்ட்டு வந்தாளே, அதச் சொல்லிட்டா. தொடர்ந்து இங்க இருக்கல, முடியாதுன்னு காயிதம் வந்துச்சு. அதிலேர்ந்து ஆபீசு வாசப்படிய மிதிக்க மாட்டேங்கிறா. எனக்கு இன்னும் காயிதம் வரல. அதான் நீ போடின்னா."

என் கோபம் இறங்கிவிட்டது. ஆனால் நடராசாவுக்கு இறங்கவில்லை. மறுபடி உள்ளே போய்க் கெஞ்சினேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கறாரான மனுஷர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், அப்படிச் சொல்ல அன்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"டீச்சர், நீங்கள் படிச்சனீங்கள். ஆள்மாறாட்டம் எண்டா என்னெண்டு உங்களுக்கு விளங்கும். நான் இதைப் பொலிசுக்குக் குடுக்கலாம். குடுக்கேல்லை. இந்தப் பாரத்தைக் கிழிக்கிறன். புதுப் பாரத்தோட வாற செவ்வாய்க்கிழமை வாங்கோ. அசல் ஆக்கள் வரவேணும். ஆள் அதுதான் எண்டதுக்குத் தோட்டத்திலயிருந்து கடிதமும் வேணும்."

"அதுக்கப்புறம் எத்தனை நாளில் சான்று கிடைக்கும்?"

"எல்லாம் சரியெண்டா மூண்டு நாள்."

செவ்வாய்க்கு மூன்று நாள் சேர்த்தால் வெள்ளி. சனிக்கிழமை மாதக் கடைசி. அன்று காலை துரையின் கார் கொழும்புக்குப் போகிறது.

கண்டாக்கையாவின் நியாயம்

கடிதம் கொடுக்க வேண்டியவர் கண்டாக்கையா. வெளிவேலை முழுக்க அவர் கையில். நான் போய் நின்றபோது வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"கடிதம் தர்றேன் டீச்சர், அதுக்கென்ன. ஆனா செவ்வாய்க்கிழமை ஆள விட முடியாது. கொழுந்து கொட்டுற நேரம். இந்த வாரம் மூணு மல எடுக்கணும். போன வாரமே ஆறு பேர் டவுனுக்குப் போயி, எனக்கு ஆபீசுப் பெரிய ஐயாகிட்டப் பேச்சு."

"பள்ளிக்கூட விஷயம் ஐயா. துரையே சொன்னது."

"துரை சனிக்கிழம போயிடுவாரு. புது ஆளுங்க திங்கக்கிழம வந்து ஏன் கொழுந்து கொறைஞ்சிச்சுன்னு என்னையத்தானே கேப்பாங்க? ஆறு பேர் கொறையக் கூடாது. பெரட்டுல ஆறு பேர் நிக்கணும். யாரு நின்னாலும் எனக்குச் சரி."

சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பினார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தில் நக்கல் ஒன்றும் இல்லை. அவருக்கு அதுதான் உலகத்து நியாயம்.

அன்று சாயங்காலம் லயத்துக்குப் போனேன். பாப்பாத்தி, லெட்சுமி, கருப்பையாவின் அப்பா, மற்ற மூன்று வீட்டிலும் ஆளுக்கொருவர், எல்லாரையும் கூப்பிட்டேன். ஒரு வாரத்துக்கு முன் யாரை ஊர் சிரிக்கத் திட்டினேனோ, அவர்களையே கூப்பிட்டு, என் வாயாலேயே சொன்னேன்.

"செவ்வாய்க்கிழமை நீங்க இவங்களுக்குப் பதிலா மலைக்குப் போகணும்."

பாப்பாத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெரட்டுல செல்லம்மான்னு கூப்பிட்டா?"

"இருக்கேன்னு சொல்லு."

"அப்ப அது தப்பு இல்லிங்களா டீச்சர்?"

லயமே சிரித்தது. காது கேட்காத கிழவரும் சிரித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "மலையில தப்பு இல்ல, ஆபீசுலதான் தப்பு" என்று கத்தினேன். சொன்ன பிறகு யோசித்தால், அதற்குமேல் விளக்கமாக என்னாலும் சொல்ல முடிந்திருக்காது.

செல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை. காம்பராவுக்குள்ளே, அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள்.

"நான் வந்தா காரியம் கெட்டுரும் டீச்சர். ஆபீசு எனக்கு ராசியில்ல. வேற யாரையாச்சும் போட்டுக்குங்க."

"பட்டியலை மாத்தினா மறுபடி கூட்டம் போடணும், மறுபடி கடிதம் வரணும். மாசம் முடிஞ்சிடும். நீ வரலேன்னா ஸ்டோர்ல உரமூட்டைதான் அடுக்குவாங்க. அப்புறம் உன் பொண்ணு கூடையைத் தூக்கிட்டு மலைக்குப் போகட்டும்."

அவ்வளவு கடுமையாகப் பேசியிருக்கக் கூடாது. இன்றைக்கும் உறுத்துகிறது. ஆனால் அவள் வந்தாள்.

ஈயத்தாளில் சுற்றிய காகிதம்

இந்தத் தடவை பஸ் நிறுத்தத்திலேயே நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லக் கேட்டுத்தான் ஏற்றினேன். ராமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். "வலிச்சாலும் சரி, செத்தாலும் சரி, கைநாட்டு வச்சிட்டுச் செத்துப்போ" என்றேன். "பெட்டி வாங்கிக் குடுக்கிற விதியத்தான் எடுத்துட்டீங்களே டீச்சர்" என்றார் முத்துசாமி. பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அலுவலகத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. முத்துசாமி கையெழுத்துப் போட்டார். ராமன் என்று கூப்பிட்டபோது ஓர் ஆண் எழுந்து நின்றதைப் பார்த்து நடராசாவே கொஞ்சம் சிரித்தார் என்று நினைக்கிறேன். தோட்டத்துக் கடிதத்தை ஒவ்வொரு பெயருக்கும் சரிபார்த்துக்கொண்டு வந்தார்.

"செல்லம்மா."

"இருக்கேங்க." செல்லம்மா எழுந்து நின்றாள்.

நடராசா பேனாவை வைத்துவிட்டார்.

"இந்தப் பேருக்குத்தான் போன முறை வேற ஆள் கைநாட்டு வச்சது. இப்ப இவதான் செல்லம்மா எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?"

"தோட்டத்துக் கடிதம் இருக்கே" என்றேன்.

"போன முறை நீங்களும்தான் இருந்தனீங்கள் டீச்சர். தோட்டத்துக் கடிதம் மற்றவைக்குப் போதும். இவவுக்குக் காணாது. அரசாங்கத்திலயிருந்து இவவின்ர பேருக்கு வந்த காகிதம் ஏதும் ஒண்டு காட்டுங்கோ."

லயத்துக் காம்பராவில் இருக்கிற பெண்ணுக்கு அரசாங்கம் எதற்குக் காகிதம் எழுதும்? பிறப்புச் சான்று இல்லை. கல்யாணச் சான்று இல்லை. வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை எப்போதோ எடுத்துவிட்டார்கள். சங்கம், விதி, பதினொன்றாவது விதி, பெரட்டு, எல்லாவற்றையும் கடந்து வந்து, கடைசியில் இந்த மேசையில் வந்து எல்லாம் முடிகிறதே என்று நான் நடராசாவோடு சண்டை போடத் தொடங்கினேன். என்னென்ன பேசினேன் என்று நினைவில்லை. பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது.

"டீச்சர்" என்று செல்லம்மா என் முழங்கையைத் தொட்டாள். "காயிதம் ஒண்ணு இருக்கு."

இடுப்புச் செருகலிலிருந்து எதையோ எடுத்தாள். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாளில் நாலாக மடித்துச் சுற்றியிருந்தது. பிரிக்க அவளுக்குக் கை வரவில்லை. நான்தான் பிரித்தேன்.

பிரஜாவுரிமை கேட்ட அவளுடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று அறிவித்த கடிதம். மேலே அரசாங்க முத்திரை. அவள் பெயர், அவள் புருஷன் பெயர், தோட்டம், லயத்து இலக்கம், எல்லாம் தட்டச்சில். அடியில் விசாரணைக் கோப்பின் இலக்கம்கூட இருந்தது.

"இத வச்சிக்கிட்டு வரச்சொல்லி யாரும் சொல்லல. எம் பேரு போட்டு வந்த காயிதம் இது ஒண்ணுதாங்க. அதான் எங்க போனாலும் எடுத்துக்கிட்டுப் போவேன்" என்றாள்.

நடராசா அதை வாங்கி வாசித்தார். ஒரு தரம் வாசித்து முடித்து மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"இவ பிரஜை இல்லையே, அது பரவாயில்லையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. ஆனால் இன்னொரு செவ்வாய்க்கிழமைக்கு என்னிடம் நாள் இல்லை.

"சங்கம் பதியிறதுக்கு அது தேவையில்லை" என்றார் மெதுவாக. "பதினெட்டு வயசு முடிஞ்சிருக்க வேணும். ஆள் ஆரெண்டு தெரிய வேணும். அவ்வளவுதான்." கடிதத்தை அதே மடிப்பில் மடித்து, ஈயத்தாளோடு செல்லம்மாவின் கையில் கொடுத்தார். மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். "வையுங்கோ அம்மா."

அந்த மேசையில் யாரையும் அவர் அம்மா என்று சொன்னதை நான் முன்பு கேட்டதில்லை.

நீ இந்த நாட்டுக்காரி இல்லை என்று சொன்ன காகிதம், நீ செல்லம்மாதான் என்பதற்குச் சாட்சி. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் "அடடா" என்கிறார்கள். எனக்கு அடடா வருவதில்லை. பற்றிக்கொண்டுதான் வருகிறது.

நிலையான சங்கம்

வெள்ளிக்கிழமை பின்னேரம் சான்று கைக்கு வந்தது. சனிக்கிழமை விடிந்ததும் பங்களாவுக்கு ஓடினேன். சாமான் பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடியே துரை சான்றை வாசித்துவிட்டு, ஏற்கெனவே எழுதி வைத்திருந்த குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பீலியிலிருந்து சவுக்கு மர வரிசை வரை அரை ஏக்கர், அதிலுள்ள கட்டடம் உட்பட, மேற்படி சங்கத்துக்கு.

"நல்ல வேலை" என்றார். பிறகு நாயைக் கூப்பிடப் போய்விட்டார்.

புதியவர்கள் திங்கட்கிழமை வந்து ஸ்டோரின் சாவியைக் கேட்டார்கள். முத்துசாமி குத்தகைப் பத்திரத்தின் பிரதியைக் காட்டினார். அவர்களுடைய வக்கீல் அதைக் கொழும்புக்குக் கொண்டுபோய் ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பினார். அடுத்த தையில் ஆறாம் வகுப்பு தொடங்கினோம். செல்லம்மாவின் மூத்தவள் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். கருங்கல் சுவருக்குள் மழைச் சத்தம் அவ்வளவு கேட்காது. எனக்கு ஓய்வுநேரம் போயிற்று.

இதோடு முடித்திருந்தால் சந்தோஷமாக இருந்திருக்கும். வாழ்க்கை என்னிடம் கேட்டு நடப்பதில்லை.

சில வருஷத்தில் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, எங்கள் ஜனங்களில் இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மேசைக்கு ஏழு பேரையும் நேரில் வரச்சொல்லி யாரும் கடிதம் அனுப்பவில்லை. பிறகு ஒவ்வொரு லயமாகக் காலியானது. சங்கம் தொடங்கிய ஆறு பெற்றோரில் நான்கு பேர் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறினார்கள். முத்துசாமியும் கருப்பையாவும் போனார்கள். ராமனும் லெட்சுமியும் போனார்கள். செல்லம்மா போனாள். அவளோடு பாப்பாத்தியும் போனாள். அந்தத் தடவை ஒருத்திக்குப் பதிலாக இன்னொருத்தி நிற்க வழியில்லை.

எங்கள் சங்கத்தின் மூன்றாவது விதி இப்படி இருந்தது: "உறுப்பினர்கள் மாறினாலும் சங்கம் நிலையாக இருக்கும்; தன் பெயரில் சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் அதற்கு உரிமை உண்டு." மரண சகாய சங்கத்துப் புத்தகத்திலிருந்து ஒரு சொல்லும் மாற்றாமல் நான் பிரதி எடுத்த விதி அது. சட்டம் அதை ஏற்றுக்கொண்டது. இந்த நாட்டில் காணி வைத்திருக்கவும், நீதிமன்றத்தில் நிற்கவும், போகாமல் இருக்கவும் அந்தக் காகிதச் சங்கத்துக்கு உரிமை இருந்தது. அதற்குக் கைநாட்டு வைத்தவர்களுக்கு இல்லை.

செல்லம்மாவின் மூத்த மகள் மண்டபம் முகாமிலிருந்து எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஆறாம் வகுப்பில் நான் திருத்தித் திருத்திக் கொடுத்த அதே சாய்ந்த கையெழுத்து. அம்மாவுக்குக் காய்ச்சல், இன்னும் வீடு கொடுக்கவில்லை, இங்கே மழையே இல்லை என்று எழுதிவிட்டு, கடைசியில் அம்மா கேட்கச் சொன்னதாக ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "நம்ம பள்ளிக்கூடம் இருக்கா டீச்சர்?"

இருக்கிறது, யாராலும் எடுக்க முடியாது என்று பதில் எழுதினேன். எழுதிவிட்டு, தபாலில் போடாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.